ஏணியும் புதரும்: குதிரையின் உயிர்ச்சுவடுகள் வாசிக்கப்பட்ட வரலாறு

உயர்தர வகுப்பில் விலங்கியல் கற்றோர் எவரும் அப்படத்தை மறந்திருக்கமாட்டார். இடப்புற மூலையில் நாயளவேயான ஒரு சிறு விலங்கு. அதனையடுத்துச் சற்றுப் பெரியதொன்று. பின்னர் இன்னும் பெரியது. வலப்புறக் கோடியில் தலை நிமிர்ந்து நிற்கும் இன்றைய குதிரை. ஒவ்வொன்றின் கீழும் அதனதன் முன்பாத எலும்புகள்: நான்கு விரல், மூன்று விரல், பக்க விரல்கள் சிறுத்த மூன்று விரல், இறுதியில் ஒரே குளம்பு. கூர்ப்புக் கொள்கைக்குச் சான்று கேட்கும் மாணவனுக்கு ஆசிரியர் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் இதுவாகவே இருந்து வந்துள்ளது. படம் எளிமையானது, பரீட்சைத்தாளில் வரைவதற்கும் வசதியானது. அதிலுள்ள ஒவ்வோர் எலும்பும் மெய்யானது. அவற்றை நிறுத்திய வரிசையே பிழையானது.

அவ்வரிசை எவ்வாறு உருவானது, யாரால் உருவாக்கப்பட்டது, எத்தகைய சமூகச் சூழலில் அது உண்மையென ஏற்கப்பட்டது, பின்னர் எத்தகைய சான்றுகளால் அது குலைந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் விலங்கியலாளர் அல்லர்; வரலாற்று மாணவர். எனினும் பாறையிற் பதிந்த எலும்பும் ஓர் ஆவணமே. ஆவணத்தை வாசிப்பவன் தான் வாழும் காலத்தின் கண்களைக் கொண்டே அதனை வாசிக்கின்றான் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. முதலில் ஒரு சொல் விளக்கம் வேண்டற்பாலது. ‘சாதி’ என்னுஞ் சொல்லை இங்கு நாம் விலங்கியலாளர் வழங்கும் பொருளிலேயே, அதாவது நெருங்கிய உறவுடைய பல இனங்களை உள்ளடக்கும் ஒரு தொகுதி என்ற பொருளிலேயே ஆள்கின்றோம். எமது சமூகத்தில் அச்சொல்லுக்கு ஏறியுள்ள ஏனைய பொருள்களை வாசகர் சற்று நேரம் மறந்திருப்பாராக.

இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரையில், இலண்டன் களிமண் எனப்படும் படையிலிருந்து ஒரு சிறு மண்டையோட்டின் பகுதி கிடைத்தது. அக்காலத்து உடலமைப்பியலாளருள் முதன்மை பெற்றிருந்த ரிச்சட் ஓவன் 1841 இல் அதனை விவரித்து, ‘ஹைரகொதீரியம்’ என்று பெயரிட்டார். ஹைரக்ஸ் என்பது ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் பாறையிடுக்குகளில் வாழும், முயலையொத்த சிறு விலங்கு. அதனைப் போன்றதொரு விலங்கென்பதே ஓவனுடைய பெயரின் பொருள். குதிரையின் மூதாதையோடு தொடர்புடைய ஓர் எலும்பைத் தாம் கையிலேந்தியிருப்பதாக அவர் எண்ணவில்லை. எண்ணுவதற்குக் காரணமும் இருக்கவில்லை. நரியளவான, குளம்புக்குப் பதில் சிறு விரல்களையுடைய, இலை தின்னும் பற்களைக் கொண்ட ஒரு விலங்கைப் பார்த்துக் குதிரையை நினைக்க வேண்டுமாயின், இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவங்கள் முதலிற் கிடைத்திருக்க வேண்டும். உயிர்ச்சுவடு தானாகப் பேசுவதில்லை. அதன் அயலிலுள்ள சுவடுகளே அதற்கு மொழி கொடுக்கின்றன.

ஓவனுக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1833 இல், தென்னமெரிக்காவின் பரனா ஆற்றோரத்தில் இளைஞரான டார்வின் ஒரு குதிரைப் பல்லைக் கண்டெடுத்திருந்தார். அழிந்தொழிந்த பெருவிலங்குகளின் எலும்புகள் கிடந்த அதே படையில் அப்பல்லும் கிடந்தது. ஸ்பானியர் கொண்டு வரும் வரை அமெரிக்கக் கண்டங்களிற் குதிரையே இருக்கவில்லை என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அவ்வாறாயின் இப்பல் எங்கிருந்து வந்தது? அக்கண்டத்திலே குதிரை முன்பு வாழ்ந்து, முற்றாக அழிந்து, பின்னர் மனிதனாற் கப்பலேற்றி மீளக் கொண்டுவரப்பட்டது என்பதே விடை. தமக்கு ஏற்பட்ட வியப்பை 1859 இல் வெளியான ‘இனங்களின் தோற்றம்’ நூலில் டார்வின் மறைக்கவில்லை. மேய்ச்சலுக்கு இத்துணை உகந்த நிலத்தில் அத்தகைய விலங்கு ஏன் அழிந்தது என்ற வினா அவரை விட்டு அகலவுமில்லை.

குதிரையின் வரலாற்றை முதன்முதலிற் காரணகாரியத்தோடு எழுதியவர் ஒரு ருஷ்யர். விளாடிமிர் கொவலெவ்ஸ்கி (1842–1883) என்னும் அவரைப் பற்றி எமது நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. கணிதமேதை சோபியா கொவலெவ்ஸ்கயாவின் கணவர் என்ற அளவிலேயே பலர் அவரை அறிவர். (மார்க்ஸின் நண்பரான மக்சிம் கொவலெவ்ஸ்கி வேறொருவர், இருவரையும் ஒருவராகக் கொள்ளும் மயக்கம் ஆங்காங்கே காணப்படுகின்றது.) சட்டம் பயின்ற விளாடிமிர், ருஷ்யாவின் முற்போக்கு இளைஞர் வட்டத்தில் வளர்ந்தவர். இயற்கை விஞ்ஞான நூல்களை, குறிப்பாக டார்வினின் ஆக்கங்களை, ருஷ்ய மொழியில் வெளியிட்ட பதிப்பாளர். பெண்கள் பல்கலைக்கழகம் புக முடியாதிருந்த நாட்டிலிருந்து சோபியா வெளியேறிக் கல்வி பெறும் பொருட்டே 1868 இல் அவர்களுடைய திருமணம் ஓர் ஏற்பாடாக நிகழ்ந்தது. 1871 இல், பாரிஸ் கொம்யூன் நிலைத்திருந்த நாட்களில் இருவரும் அந்நகரில் இருந்தனர். சோபியாவின் தமக்கை ஆனாவும் அவருடைய கணவர் விக்டர் ஜக்லாரும் கொம்யூனில் நேரடியாகப் பங்குபற்றியவர்கள். பீரங்கிகள் முழங்கிய அவ்வாரங்களிலும் விளாடிமிர் பாரிஸ் நூதனசாலையின் எலும்புத் தொகுதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பது அவருடைய வரலாற்றை எழுதியோர் தரும் செய்தி.

அவ்வாராய்ச்சியின் பயனாக 1873 இல் அங்கிதீரியம் என்னும் அழிந்த விலங்கைப் பற்றிய நூல் பிரெஞ்சு மொழியில் சென். பீட்டர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்தால் வெளியிடப்பட்டது. கொவலெவ்ஸ்கிக்கு முன்னர் எலும்பு ஆராய்ச்சி பெரும்பாலும் பெயரிடலாகவும் அளவிடலாகவும் இருந்தது. அவரோ ஒவ்வொரு மூட்டையும் ‘இது என்ன வேலை செய்தது?’ என்று வினவினார். பற்களையும் பாதத்தையும் சேர்த்தே நோக்கினார். மென்மையான இலைகளைத் தின்ற விலங்குக்குத் தாழ்ந்த பல்முடி போதும். புல்லோ சிலிக்கா நிறைந்தது. நிலத்தோடு ஒட்டி வளர்வதால் மணலும் தூசியும் கலந்தே வாய்க்குள் வருவது. அதனை நாள் முழுதும் அரைக்கும் பல் விரைவில் தேயும். எனவே உயர்ந்த பல்முடியும், மிளிரியின் மடிப்புகளுக்கிடையே சீமெந்து நிரம்பிய, தேயத் தேய மேலெழும் பல்லும் வேண்டியவாயின. திறந்த வன்னிலத்தில் நெடுந்தூரம் ஓடும் காலுக்குப் பக்க விரல்கள் சுமை. நடுவிரல் ஒன்றே உடற்பாரத்தைத் தாங்கியது. காட்டிலிருந்து வெளிக்கு, இலையிலிருந்து புல்லுக்கு என்னும் வாழ்க்கை மாற்றமே எலும்பு மாற்றத்தின் விளக்கம் என்றார் அவர். உடலமைப்பின் வரலாற்றை உணவின், நிலத்தின், உழைப்பின் வரலாறாகக் காணும் இப்பார்வை, எமது வாசகர் பலருக்கு அந்நியமானதாக இராது.

அவர் அமைத்த வழித்தொடர் பின்வருமாறு: பாரிஸின் மொன்மார்த்ர் ஜிப்சக் கற்களிலிருந்து கூவியே என்பவர் முன்னரே விவரித்த பலியோதீரியம், அதன் பின் அங்கிதீரியம், அதன் பின் ஹிப்பாரியன், இறுதியில் ஈகுவஸ் எனப்படும் இன்றைய குதிரைச் சாதி. இங்கிலாந்தில் தோமஸ் ஹக்ஸ்லியும் 1870 இல் ஏறக்குறைய இதே தொடரையே முன்வைத்திருந்தார்.

இத்தொடரில் முதல் மூன்றும் குதிரையின் மூதாதையர் அல்ல. பலியோதீரியம் உறவினக் கிளையொன்று; வாரிசின்றி முடிந்தது. அங்கிதீரியமும் ஹிப்பாரியனும் வட அமெரிக்காவிலே தோன்றி, வெவ்வேறு காலங்களில் பெரிங் நிலப்பாலத்தைக் கடந்து ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் வந்து பரவி, பின்னர் மறைந்த கிளைகள். ஹிப்பாரியன் வகையினவற்றின் பரவல் வியக்கத்தக்கது. ஏறத்தாழ 11 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பழைய உலகினுட் புகுந்த அம்மூவிரற் குதிரைகள் இந்திய உபகண்டத்தின் சிவாலிக் குன்றுகள் வரையும், ஆபிரிக்கா வரையும் சென்றன. தன்சானியாவின் லேற்றோலி என்னுமிடத்தில், 3.6 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் எமது மூதாதையர் இரு கால்களில் நடந்து சென்ற தடங்களோடு, மூவிரற் குதிரைகளின் தடங்களும் காணப்படுகின்றன.

கொவலெவ்ஸ்கி ஐரோப்பாவிற் கண்டது ஒரு குடும்பத்தின் தலைமுறைகளையன்று. தொலைவிலிருந்து வெவ்வேறு காலங்களில் வந்திறங்கிய உறவினரை. வாசல் ஒன்றினூடே வந்தவர்களைத் தந்தை, மகன், பேரன் என்று நிரல்படுத்திய பிழை அது. ஆயினும் மாற்றத்தின் காரணம் பற்றி அவர் கூறியதன் மையம் நிலைத்துவிட்டது. மூதாதையரைச் சரியாகக் கண்டுபிடித்தும் காரணத்தை மாயமாக்கிய பின்னையோர் சிலரை நோக்கும்போது, கொவலெவ்ஸ்கியின் பிழை எமக்கு மதிப்புமிக்கதாகவே தோன்றுகின்றது. பல ஆண்டுகள் தாயகத்தில் நிலையான பதவியின்றி அலைந்தார். மொஸ்கோவில் விரிவுரையாளர் பதவி கிட்டிய வேளையில் எண்ணெய்க் கம்பனியொன்றின் வணிகச் சிக்கலில் அகப்பட்டுக்கொண்டார். 1883 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அமெரிக்காவில் எலும்புகள் நிலத்தின் மேலேயே கிடந்தன என்று கூறினும் மிகையாகாது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோசப் லீடி மேற்குப் பிரதேசங்களிலிருந்து வந்த குதிரைச் சுவடுகளை 1840 களின் பிற்கூற்றிலிருந்தே விவரிக்கத் தொடங்கியிருந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் ஓத்னியல் மார்ஷ் அவரை அடுத்து வந்தார். 1868 இல், அப்பொழுது அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த யூனியன் பசிபிக் புகையிரதப்பாதை வழியே சென்ற மார்ஷ், நெபிராஸ்காவின் அன்ரிலோப் என்னும் தரிப்பிடத்தில் இறங்கினார். அங்கு கிணறு தோண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டதாக ஒரு வதந்தி. மண்குவியலைக் கிளறிய மார்ஷுக்கு அகப்பட்டது மனித எலும்பன்று. மூன்றடி உயரமும் எட்டாத ஒரு குதிரையின் எலும்பு. புகையிரதம் நின்ற சில நிமிடங்களில் தொடங்கிய அத்தேடல் எட்டு ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய குதிரைச் சுவட்டுத் தொகுதியாயிற்று.

1876 ஆகஸ்டில் ஹக்ஸ்லி அமெரிக்கா வந்தபோது அவரிடம் ஐரோப்பியத் தொடரை வைத்து எழுதிய விரிவுரை தயாராக இருந்தது. மார்ஷின் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. தாம் கேட்ட ஒவ்வொரு இடைநிலைக்கும் ஓர் எலும்பு வந்ததைக் கண்ட ஹக்ஸ்லி தமது விரிவுரையை மாற்றி எழுதினார். அடுத்த மாதம் நியூயோர்க்கில் நிகழ்த்திய உரையில், குதிரை தோன்றியது அமெரிக்காவிலேயே என்று ஏற்றுக்கொண்டதோடு, நான்கு விரல்களுக்கும் மேலாக ஐந்தாவதன் எச்சத்தையுங் கொண்ட இன்னும் தொன்மையான வடிவமொன்று கிடைக்குமென்றும் கூறினார். அவ்வாண்டிலேயே மார்ஷ் ‘இயோஹிப்பஸ்’, அதாவது விடியற் குதிரை, என்ற பெயரை வெளியிட்டார். ஒரு விஞ்ஞானி பிழையை ஒப்புக்கொண்ட வேகத்திற்கு இது நல்ல உதாரணம். ஆனால் ஐரோப்பிய ஏணி வீழ்ந்த இடத்தில் அமெரிக்க ஏணி நிறுத்தப்பட்டது. ஏணி என்ற வடிவம் மட்டும் கேள்விக்கு உட்படவில்லை.

இவ்வெலும்புகள் யாருடைய நிலத்திலிருந்து எடுக்கப்பட்டன என்பதையும் வரலாற்று மாணவர் கேட்டாக வேண்டும். 1868 ஆம் ஆண்டு லாரமி கோட்டை ஒப்பந்தம் லகோட்டா மக்களுக்குக் கறுப்புக் குன்றுகளை உள்ளிட்ட பெரும் பரப்பை உறுதிசெய்திருந்தது. 1874 இல் அக்குன்றுகளிலே தங்கம் உண்டென்ற செய்தி பரவிய சில மாதங்களில் மார்ஷ் எலும்பு தேடி அப்பகுதிக்கு வந்தார். எலும்புக்காக ஒருவன் இவ்வளவு தூரம் வருவான் என்பதை லகோட்டா மக்கள் நம்பவில்லை. தங்கத்துக்கே வந்துள்ளான் என்று ஐயுற்றுத் தடுத்தனர். அவர்களுடைய தலைவர்களுள் ஒருவரான ரெட் கிளவுட், அரசாங்க முகவர்கள் தமக்கு வழங்கிய பழுதடைந்த மாவையும் இறைச்சியையும் மார்ஷுக்குக் காட்டினார். அம்முறைப்பாட்டைத் தலைநகருக்குக் கொண்டு செல்வதாக மார்ஷ் வாக்களித்தார். 1875 இல் அவ்வாறே செய்தார். எழுந்த அமளியில் உள்நாட்டமைச்சர் கொலம்பஸ் டெலானோ பதவி விலக நேர்ந்தது. மார்ஷ் வாக்குத் தவறவில்லை என்பதை நாம் குறிப்பிட்டேயாக வேண்டும். ஆயினும் 1877 இல் கறுப்புக் குன்றுகள் பறிக்கப்பட்டன. மார்ஷை வழிமறித்தவர்கள் ஏறியிருந்த குதிரைகள், ஸ்பானியர் கொணர்ந்தவற்றின் வழிவந்தவை. அக்குதிரைகளின் குளம்படியிலே, மண்ணுக்குள், அக்கண்டத்துக்கே உரிய குதிரைகள் கிடந்தன.

ஏணி பொதுமக்களின் கண்ணுக்கு வந்தது நியூயோர்க் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையின் வழியாகவே எனலாம். 1908 முதல் 1933 வரை அந்நூதனசாலையின் தலைவராயிருந்தவர் ஹென்றி பெயர்பீல்ட் ஒஸ்போன். குதிரை எலும்புக்கூடுகள் சிறியதிலிருந்து பெரியதாக அங்கு நிரற்படுத்தப்பட்டன. அங்கு பணியாற்றிய வில்லியம் டில்லர் மத்தியூ 1926 இல் வெளியிட்ட விளக்கப்படத்தில் மண்டையோடு, முன்பாதம், பின்பாதம், பல் ஆகியன பாறைப் படைகளின் ஒழுங்கிலே கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டிருந்தன. எமது பாடநூற் படங்கள் பலவற்றின் மூலம் அதுவே. கிளைகள் உண்டென்பதை மத்தியூ அறியாதவரல்லர். ஆனால் அடுக்கப்பட்ட படத்திற் கிளைக்கு இடமில்லை. (விடியற் குதிரை ‘பொக்ஸ் ரெறியர் நாயளவானது’ என்னும் வாசகமும் ஒஸ்போன் காலத்திலிருந்து நூலுக்கு நூல் பிரதிபண்ணப்பட்டு வந்தது. அந்நாயை ஒருபோதும் கண்டிராத நாடுகளின் மாணவரும் அதனை மனனம் செய்தனர்.)

ஒஸ்போனுக்கோ வரிசை வெறும் காட்சி வசதியன்று. உயிரிகளினுள்ளே அமைந்த ஒரு போக்கு அவற்றை முன்விதிக்கப்பட்ட திசையில் நேர்கோட்டிற் செலுத்துகின்றது என்று அவர் நம்பினார். இந்நம்பிக்கை குதிரை இலாயத்தோடு நின்றுவிடவில்லை. வடபுல வெள்ளையரை மனிதக் கூர்ப்பின் உச்சியில் வைத்த மடிசன் கிரான்ற் என்பவரின் நூலுக்கு 1916 இல் முன்னுரை எழுதியவர் ஒஸ்போன். 1921 இல் இரண்டாவது சர்வதேச இனமேம்பாட்டியல் மாநாடு கூடியது அவருடைய நூதனசாலையிலேயே. தலைமை தாங்கியவரும் அவரே. தென் ஐரோப்பியர், கிழக்கு ஐரோப்பியர், ஆசியர் ஆகியோரின் வருகையை ஒடுக்கிய 1924 ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் இக்கருத்துச் சூழலிலேயே பிறந்தது. குதிரை வரிசையிலிருந்து குடிவரவுச் சட்டம் பிறந்தது என்று நாம் கூறவில்லை. அது கொச்சையான முடிபாகும். ஆனால், கீழ்ப்படியில் நிற்பவை மேற்படிக்கு வர முயன்று தோற்றவை, மேற்படியில் நிற்பது தகுதியினால் நிற்பது என்னும் அதே சிந்தனைச் சட்டகம் இரண்டினுள்ளும் தொழிற்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

இனிச் சுவடுகளைப் பார்ப்போம். முதற்படியாக நிறுத்தப்பட்ட ஓவனின் ஹைரகொதீரியம் குதிரைக் குடும்பத்தைச் சேர்ந்ததேயல்ல, பலியோதீரியத்தின் பக்கத்தைச் சேர்ந்தது என்ற கருத்து 2002 இல் வெளியான மீளாய்வின் பின் வலுப்பெற்றுள்ளது. அப்பெயரின் கீழ் ஒன்றாக வைக்கப்பட்டிருந்த வட அமெரிக்க விலங்குகள் பல சாதிகளாகப் பிரிக்கப்பட்டு, மார்ஷின் இயோஹிப்பஸ் என்ற பெயரும் மீண்டும் வழக்குக்கு வந்துள்ளது. ஏணியின் அடிப்படியே ஒரு சிறு கும்பலாக மாறிவிட்டது.

‘சிறியதிலிருந்து பெரியது’ என்ற விதியும் நிலைக்கவில்லை. ஏறத்தாழ 56 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென வெப்பமுற்ற காலமொன்று, சுமார் 175,000 ஆண்டுகள் நீடித்தது. வயோமிங்கின் பிக்ஹோர்ண் வடிநிலத்தில் அக்காலப் படைகளிலிருந்து பெறப்பட்ட சிவ்ரிப்பஸ் என்னும் மிகத் தொன்மையான குதிரையின் பற்களை அளந்தோர் 2012 இல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. வெப்பம் ஏறியபோது அவ்விலங்கு சுமார் 30 வீதம் சிறுத்து வீட்டுப் பூனையளவாகியது. வெப்பம் தணிந்தபோது 76 வீதம் பெருத்தது. உள்ளார்ந்த உந்துதல் எதனையும் இங்கு காணோம், காலநிலையையே காண்கின்றோம். அதன் பின்னர் 30 மில்லியன் ஆண்டுகள் வரை குதிரைகளின் உடற்பருமன் பெரிதாக மாறவுமில்லை. ஏணியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்ட மெசோஹிப்பஸ், மயோஹிப்பஸ் என்னும் இரு சாதிகளும் பல இலட்சம் ஆண்டுகளல்ல, சில மில்லியன் ஆண்டுகள் ஒருங்கே வாழ்ந்தன என்பது 1989 இல் காட்டப்பட்டது. பாட்டன் என்று நாம் எண்ணியவர் பேரனோடு கூட மேய்ந்திருக்கின்றார்.

மயோசீன் காலத்திலேதான் புதர் முழுமையாக விரிந்தது. ஏறத்தாழ 18 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இவ்விரிவில், ஒரே வேளையில் ஒரு டசின் சாதிகள் வரை வட அமெரிக்காவில் வாழ்ந்த கட்டம் உண்டு. பெரியனவும் இருந்தன, முன்னோரிலும் சிறுத்த குள்ளச் சாதிகளும் இருந்தன. இலை தின்பனவும், புல் தின்பனவும், இரண்டையும் தின்பனவும் இருந்தன.

இதனைக் கண்ணாற் காண விரும்புவோர் நெபிராஸ்காவின் அஷ்போல் படுக்கைக்குச் செல்லலாம். ஏறத்தாழ 12 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஐடாஹோவில் வெடித்த எரிமலையொன்றின் சாம்பல் நெடுந்தூரம் காற்றில் வந்து இந்நிலத்தை மூடியது. கண்ணாடித் துகளையொத்த அச்சாம்பலைச் சுவாசித்த விலங்குகள் நுரையீரல் நோயுற்று, தாகத்தோடு ஒரு நீர்நிலையை நாடி வந்து, அதன் கரையிலே ஒவ்வொன்றாகச் செத்தன. சிறு விலங்குகள் முதலில், பின்னர் குதிரைகள், ஒட்டகங்கள், இறுதியாகக் காண்டாமிருகங்கள். 1971 இல் மைக்கல் வூர்கீஸ் என்னும் ஆய்வாளர் அரித்தோடிய பள்ளமொன்றில் காண்டாமிருகக் கன்றின் மண்டையோட்டைக் கண்டார். 1970 களின் பிற்கூற்றில் முழு எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அந்த ஒரே நீர்நிலையில், ஒரே அனர்த்தத்தில் இறந்த குதிரைகள் ஐந்து சாதியின. மூவிரற் குதிரையும் ஒற்றைக் குளம்புக் குதிரையும் அருகருகே கிடக்கின்றன. பாடநூற் படத்தில் ஒரு படி கீழும் ஒரு படி மேலுமாக நிற்பவை இங்கு ஒரே சேற்றில் நீர் குடிக்க வந்தவை. இவ்வொரு காட்சி எமக்குப் பல நூல்களிலும் வலிமையானதாகத் தோன்றுகின்றது.

அவ்வாறாயின் கொவலெவ்ஸ்கியின் புல் விளக்கம் என்னவாயிற்று? அதுவும் திருத்தத்துக்குள்ளாகியுள்ளது. மண்ணிற் பாதுகாக்கப்பட்ட புல்லின் சிலிக்காத் துணிக்கைகளை ஆராய்ந்தோர், வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் திறந்த புல்நிலம் பரவிக் குறைந்தது நான்கு மில்லியன் ஆண்டுகள் கழிந்த பின்னரே உயர்முடிப் பற்களையுடைய குதிரைகள் தோன்றின என்று காட்டியுள்ளனர். வாழ்க்கை முதலில் மாறுகின்றது. உடல் பிந்தியே மாறுகின்றது. இன்னொரு செய்தி 1999 இல் புளோரிடாவிலிருந்து வந்தது. 5 மில்லியன் ஆண்டுப் பழைமையான ஆறு குதிரை இனங்களின் பற்களிலுள்ள காபன் சமதானிகளை அளந்தபோது, எல்லாமே உயர்முடிப் பற்களைக் கொண்டிருந்தும், எல்லாமே புல் தின்னவில்லை என்று தெரியவந்தது. புல்லுக்கென அமைந்த பல்லோடு சில மீண்டும் இலைக்குத் திரும்பியிருந்தன. உறுப்பின் வரலாறு ஒன்று. அதனைக் கொண்டு வாழ்ந்த வாழ்க்கை வேறொன்று. பொருளியல் அடித்தளத்திலிருந்து மேற்கட்டுமானத்தை இயந்திரரீதியாக உய்த்துணரும் பழக்கமுடைய எம்மவர் சிலர் இப்பற்களைச் சிறிது நேரம் உற்று நோக்குவது நன்று.

ஜோர்ஜ் கேலோட் சிம்சன் 1951 இல் வெளியிட்ட ‘குதிரைகள்’ என்னும் நூலிலேயே நேர்கோட்டை மறுத்துக் கிளைத்த மரத்தை வரைந்துவிட்டார். ஸ்ரீபன் ஜே கூல்ட் 1980 களில் இன்னுமோர் அடி எடுத்து வைத்தார். ஒரு பரம்பரையை ஏணியாக வரைய முடிவதற்குக் காரணம் அதன் வெற்றியன்று, அதன் அழிவே என்றார் அவர். மாடு, ஆடு, மான்மறைகளை உள்ளடக்கிய மாட்டுக் குடும்பத்தில் இன்று நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுள் எதனை உச்சியில் வைப்பது? வைக்க முடியாது, ஆதலால் அக்குடும்பத்துக்கு எவரும் ஏணி வரையவில்லை. குதிரைக் குடும்பத்திலோ எஞ்சியது ஒரே சாதி: குதிரை, கழுதைகள், வரிக்குதிரைகள் என ஏழு இனங்கள் அளவில். ஏனைய கிளைகள் யாவும் வெட்டுண்டு ஒரு சுள்ளி மட்டும் எஞ்சிய புதரில், அச்சுள்ளியிலிருந்து வேர் வரை பின்னோக்கி விரலை ஓட்டுவது எளிது. அக்கோட்டைத் தலைகீழாக்கி, வேரிலிருந்து சுள்ளியை நோக்கியே எல்லாம் வளர்ந்தன என்று கூறுவதே தவறு. பிழைத்தவன் எழுதும் வரலாறு அது.

இத்தவறு எலும்பு ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. புராதன பொதுவுடைமை, அடிமை முறை, நிலமானியம், முதலாளித்துவம் என்னும் படிகளில் எல்லாச் சமூகங்களும் ஏறியே தீரும் என்று எழுதிய கைநூல்களை நாமும் படித்தோம். எமது நாட்டு வரலாற்றை அப்படிகளுக்குள் அடைக்க முயன்றோரையும் அறிவோம். மார்க்ஸ் தாமே 1877 இல் ஒரு ருஷ்ய சஞ்சிகையின் ஆசிரியர் குழுவுக்கு எழுதி அனுப்பாது விட்ட கடிதத்தில், மேற்கு ஐரோப்பாவில் முதலாளித்துவம் தோன்றியமை பற்றிய தமது விவரணத்தை எல்லா மக்களுக்கும் விதிக்கப்பட்ட பொதுப் பாதையாக மாற்றுவதை மறுத்தார். 1881 இல் வேரா சசூலிச்சுக்கு எழுதியபோதும் அதே நிலைப்பாட்டையே கொண்டிருந்தார். அவ்விரு கடிதங்களுக்குமிடைப்பட்ட ஆண்டுகளில், குதிரை ஏணி அமெரிக்காவில் உறுதியாக நிறுத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

எஞ்சிய சுள்ளியின் கதை சுருக்கமானது. கனடாவின் யூக்கன் பிரதேசத்தில் உறைநிலத்துட் கிடந்த 700,000 ஆண்டுப் பழைமையான எலும்பொன்றிலிருந்து 2013 இல் மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்டது. அதனைக் கொண்டு ஈகுவஸ் சாதியின் பொது மூதாதை 4 முதல் 4.5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்ததெனக் கணித்துள்ளனர். ஆசியாவுக்குச் சென்ற ஈகுவஸ் பிழைத்தது. பனாமா வழியே தென்னமெரிக்காவுக்குச் சென்றதன் பல்லையே டார்வின் கண்டார். பிறந்த கண்டத்தில் எஞ்சியிருந்தவை, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், வேறு பல பெருவிலங்குகளோடு சேர்ந்து மறைந்தன. காலநிலை மாற்றத்துக்கும் மனித வேட்டைக்கும் அதிலுள்ள பங்கு எவ்வளவு என்பது இன்னும் வாதத்துக்குரியது. 1493 இல் கொலம்பஸின் இரண்டாவது பயணத்திற் குதிரை மீண்டும் அக்கரையை அடைந்தது. (பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துக்கும் குதிரை கடல்வழி வந்த பொருளே.)

அமெரிக்கச் சமவெளி மக்கள் 1680 இன் பியூப்லோ எழுச்சிக்குப் பின்னரே குதிரையைப் பெற்றனர் என்பது ஐரோப்பிய எழுத்தாவணங்களை மட்டும் நம்பி எழுதப்பட்ட முடிபு. லகோட்டா மக்களைச் சேர்ந்த அறிஞர்களும் இணைந்து நடத்தி 2023 இல் வெளியிட்ட ஆய்வு, எலும்புகளையும் மரபணுக்களையும் கொண்டு, பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே, ஐரோப்பியர் எவரும் அப்பக்கம் வருமுன்னரே, குதிரைகள் அங்கு வளர்க்கப்பட்டன என்று நிறுவியுள்ளது. அவ்வெலும்புகளுள் ஒன்று வயோமிங்கின் பிளக்ஸ்போர்க் ஆற்றோரத்தில் கிடைத்த, ஆறு மாதமளவான ஒரு குட்டியினது. அதனருகே மூன்று கொயோட்டி ஓநாய்களின் மண்டையோடுகள் சடங்குமுறையாக வைக்கப்பட்டிருந்தன. பூனையளவான சிவ்ரிப்பஸின் பற்கள் கிடைத்ததும் அதே வயோமிங்கிலேயே.